பொலிவியாவை உயரத்தால் அளக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடற்கரை இல்லாத நாடுகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சொந்தத் துறைமுகம் இல்லாததால் சரக்குச் செலவு கூடுவதையும், அண்டை நாட்டுச் சுங்கச் சாவடியில் வேலைநிறுத்தம் நடந்தால்கூட உள்நாட்டுச் சந்தை திணறிப்போவதையும் கட்டுரையாளர் தெளிவாக விளக்கியிருந்தார். இத்தகைய வளரும் நாடுகள் 32 என்று ஐக்கிய நாடுகள் சபை தனிப் பட்டியலே வைத்திருக்கும்போது, அந்தச் சிரமங்களை யாரும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தப் பட்டியலிலிருந்து பொலிவியாவை எடுத்து, ‘கடலை இழந்தது, அதனால் ஏழையானது’ என்ற பொருள்படச் சில வரிகளில் முடித்துவிட்டதை ஏற்க இயலவில்லை. பல ஆண்டுகள் புவியியல் கற்பித்தவன் என்ற முறையில் அதற்கு ஒரு மறுப்பு எழுத வேண்டும் என்று தோன்றியது. அந்த நாட்டின் நிலத்தையும் மக்களின் வாழ்க்கையையும் புரிந்துகொள்வதற்குக் கடல் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்ற கேள்வியைவிட, மனிதர்கள் எவ்வளவு உயரத்தில் வாழ்கிறார்கள் என்ற கேள்வியே அதிகம் உதவும் என்பது என் கருத்து.

பொலிவியாவின் பரப்பு ஏறத்தாழ 11 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவில் மூன்றில் ஒரு பங்கு. 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 1 கோடியே 13 லட்சம் மட்டுமே. பிரேசில், பெரு, சிலி, அர்ஜென்டினா, பராகுவே ஆகிய ஐந்து நாடுகள் அதைச் சூழ்ந்திருக்கின்றன. நாட்டின் மேற்கே ஆண்டிஸ் மலைத்தொடர் இரண்டு கிளைகளாகப் பிரிந்து செல்கிறது. அவ்விரண்டுக்கும் இடையே, சராசரியாக 3,600 முதல் 4,000 மீட்டர் வரையிலான உயரத்தில், ஆல்டிப்ளானோ என்னும் பீடபூமி கிடக்கிறது. மேற்குக் கிளையில் 6,542 மீட்டர் உயரமுள்ள சஹாமா எரிமலை நாட்டின் மிக உயர்ந்த சிகரமாக நிற்கிறது. கிழக்குக் கிளையின் இயிமானி சிகரம் லா பாஸ் நகரத்தின் எந்தத் தெருமுனையிலிருந்து பார்த்தாலும் தென்படுவதுபோல் எழுந்து நிற்கிறது. அந்தக் கிழக்குக் கிளையைத் தாண்டிவிட்டால் நிலம் செங்குத்தாக இறங்கி, மேகங்கள் தவழும் யுங்காஸ் சரிவுகளையும் மிதமான வெப்பமுள்ள பள்ளத்தாக்குகளையும் கடந்து, அமேசான் படுகையின் சமவெளியில் போய்ச் சேர்கிறது. தலைநகர் என்று நாம் பொதுவாகக் குறிப்பிடும் லா பாஸ் அரசு இயங்கும் இடமே. அரசியலமைப்புப்படியான தலைநகரமும் உச்ச நீதிமன்றத்தின் இருப்பிடமும் 2,800 மீட்டர் உயரத்திலுள்ள சுக்ரே நகரமாகும்.

வரைபடத்தைத் தட்டையாக விரித்துப் பார்ப்பவருக்கு இந்த இறக்கம் தெரியாது. லா பாஸ் நகரிலிருந்து யுங்காஸ் பகுதிக்குச் செல்லும் பழைய மலைப்பாதையை எடுத்துக்கொள்வோம். 1932 முதல் 1935 வரை பராகுவேயோடு நடந்த சாக்கோ போரில் சிறைபிடிக்கப்பட்ட வீரர்களைக் கொண்டு அமைக்கப்பட்ட பாதை அது. 4,600 மீட்டருக்கும் மேலான கணவாயில் பனிக்காற்றில் தொடங்கும் பயணம், அறுபது எழுபது கிலோமீட்டருக்குள், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்திலுள்ள யோலோசா என்னும் ஊரில், வாழையும் ஆரஞ்சும் காபியும் விளையும் புழுக்கத்தில் முடிகிறது. கடல்மட்டத்தில் வடக்கு தெற்காகப் பல ஆயிரம் கிலோமீட்டர் சென்றால்தான் காணக்கூடிய தட்பவெப்ப வேறுபாட்டை அங்கே ஒரு பகல் பயணத்தில் கண்டுவிடலாம். புதிய சாலை திறக்கப்படும்வரை, அகலம் குறைந்த அந்தப் பாதையில் லாரிகளும் பேருந்துகளும் பள்ளத்தில் விழுந்து ஏராளமானோர் மாண்டிருக்கிறார்கள்; இன்று அது பெரும்பாலும் மிதிவண்டியில் இறங்கிவரும் சுற்றுலாப் பயணிகளின் பாதையாகிவிட்டது.

இப்படிச் செங்குத்தாக அடுக்கப்பட்ட நிலத்தில் மனிதர்கள் எப்படி வாழ்வது என்ற கேள்விக்கு ஆண்டிஸ் மக்கள் மிகப் பழங்காலத்திலேயே ஒரு விடை கண்டிருந்தார்கள். ஒரே சமூகம் ஒரே உயரத்தில் மட்டும் நிலம் வைத்துக்கொண்டால் உறைபனியோ வறட்சியோ வந்த ஆண்டில் அனைத்தும் போய்விடும். ஆகவே, ஐயூ எனப்படும் உறவுவழிக் கிராமச் சமூகம் குளிர்ந்த மேட்டில் லாமா, அல்பாக்கா என்னும் ஒட்டக இன விலங்குகளின் மந்தைகளையும், அதற்குச் சற்றுக் கீழே உருளைக்கிழங்கு வயல்களையும், இன்னும் கீழே பல நாள் நடைதொலைவிலுள்ள பள்ளத்தாக்கில் மக்காச்சோள நிலத்தையும் வைத்துக்கொண்டது. கோக்கா இலைக்காக யுங்காஸ் சரிவிலும் அதன் ஆட்கள் குடியிருந்தார்கள். இடையிலுள்ள நிலம் வேறு சமூகத்தினுடையதாக இருக்கலாம். கடலில் சிதறிய தீவுகளைப்போல ஒரு சமூகத்தின் நிலங்கள் மலைச்சரிவில் சிதறிக் கிடந்தன. மானிடவியலாளர் ஜான் முர்ரா 1970-களில் இந்த ஏற்பாட்டை விரிவாக எடுத்துக்காட்டிய பிறகே, ஆண்டிஸ் பொருளாதாரத்தைச் சந்தையையும் துறைமுகத்தையும் மட்டும் வைத்து விளக்க முடியாது என்பது வெளியுலக ஆய்வாளர்களுக்கு உறைத்தது. வடக்கு பொடோசிப் பகுதியின் சில சமூகங்கள் மேட்டு நிலம், பள்ளத்தாக்கு நிலம் இரண்டையும் வைத்திருந்த வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. ஒருவர் வயலில் இன்று நான் உழைத்தால் நாளை என் வயலில் அவர் உழைக்க வேண்டும் என்ற அய்னி என்னும் கைமாற்று உழைப்பும் இந்த அமைப்போடு சேர்ந்ததுதான்.

மேட்டையும் பள்ளத்தையும் இணைத்தவை லாமாக்கள். ஒரு லாமா ஏறத்தாழ 25 கிலோ சுமை தூக்கும்; அதற்கு மேல் ஏற்றினால் படுத்துக்கொண்டு எழ மறுக்கும் என்று அதை வளர்ப்பவர்கள் சொல்வார்கள். உயூனி உப்புப் படுகையிலிருந்து வெட்டியெடுத்த உப்புக் கட்டிகளைச் சுமந்த லாமாக் கூட்டங்கள் வாரக்கணக்கில் நடந்து பள்ளத்தாக்குகளுக்குச் சென்று, உப்பைக் கொடுத்து மக்காச்சோளத்தை வாங்கித் திரும்பின. லாரிகள் வந்தபின் இந்தப் பயணங்கள் பெரும்பாலும் நின்றுவிட்டன. உயூனி படுகை 10,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்புடையது. உலகின் மிகப்பெரிய உப்புச் சமவெளி அதுவே. பழங்கால ஏரிகள் வற்றியதால் உருவான அந்தப் படுகை வியக்கத்தக்க அளவுக்குச் சமதளமாக இருப்பதால், செயற்கைக்கோள்களின் உயரமானிகளைச் சரிபார்க்கவும் அது பயன்படுகிறது. மழைக்காலத்தில் அதன்மேல் தேங்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் வானம் பிரதிபலிக்கும் புகைப்படங்களை வாசகர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். உப்புக்கு அடியிலுள்ள கரிப்பு நீரில் லித்தியம் நிறைய இருப்பதால் இன்று பல நாடுகளின் கண் அதன்மேல் விழுந்திருக்கிறது. ஆனால் மழை நீர்த்துவிடும் அந்தக் கரிப்பு நீரிலிருந்து லித்தியத்தைப் பிரித்தெடுப்பது சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் உள்ளதைப்போல எளிதாக இல்லை.

உயரம் எதையெல்லாம் பறிக்கிறது என்று மட்டும் பார்க்கக் கூடாது. அது கொடுத்தவையும் உண்டு. ஆல்டிப்ளானோவில் ஜூன், ஜூலை மாதங்களில் இரவு உறைபனியும் பகலில் கடுமையான வெயிலும் மாறிமாறி வருகின்றன. அந்த நாட்களில் விவசாயக் குடும்பங்கள் சிறு உருளைக்கிழங்குகளைத் திறந்த தரையில் பரப்பி வைக்கின்றன. இரவில் உறைந்த கிழங்கு பகலில் இளகும்போது, பெண்களும் ஆண்களும் குழந்தைகளும் வெறுங்காலால் மிதித்து நீரைப் பிழிந்து தோலை நீக்குகிறார்கள். சில இரவுகள் இப்படிச் சென்றபின் வெயிலில் முழுமையாக உலர்ந்துவிடும் கிழங்கு, இலேசாகவும் கூழாங்கல்லைப்போல் கடினமாகவும் ஆகிவிடும். சுன்யோ எனப்படும் அந்தக் கிழங்கைப் பல ஆண்டுகள் கெடாமல் வைத்திருக்கலாம். ஓடும் நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து உலர்த்தும் வெள்ளை வகைக்கு துந்தா என்று பெயர். இதில் சேமிப்பு மட்டுமே பயன் என்று எண்ணிவிடக் கூடாது. கடும் உறைபனியைத் தாங்கி வளரும் கிழங்கு வகைகள் கசப்பும் நச்சுத்தன்மையும் உடையவை; உறையவைத்து மிதித்துப் பிழியும்போது அந்த நச்சு நீங்கிவிடுகிறது. அதாவது, வேறு எதுவும் விளையாத உயரத்தில் விளைவதை, அதே உயரத்தின் குளிரைக் கொண்டே உண்ணத்தக்கதாக்கிக்கொள்கிறார்கள். கடல்மட்டத்தில் வாழும் எவராலும் மின்சாரமோ எந்திரமோ இல்லாமல் இதைச் செய்ய முடியாது.

டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றியும் இதே அறிவு வேறு வடிவில் காணப்படுகிறது. 3,812 மீட்டர் உயரத்தில், 8,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பில், பெருவோடு பகிர்ந்துகொள்ளப்பட்டுள்ள அந்த ஏரி, பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் மெல்ல வெளிவிடுவதால் கரையோரம் உறைபனி குறைகிறது. பொதுவாக அந்த உயரத்தில் விளையாத மக்காச்சோளம் அங்குள்ள சூரியத் தீவில் விளைகிறது. இன்காக்களுக்கு முன்பே அங்கே தழைத்த திவானாக்கு நாகரிகத்தின் மக்கள் அந்த இயல்பைத் தங்கள் வயலுக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். நீளமான மேட்டுப்பாத்திகளை எழுப்பி, இடையிடையே நீர் நிற்கும் வாய்க்கால்களை வெட்டினார்கள். வாய்க்கால் நீர் பகலில் சேர்த்த வெப்பம் இரவில் பயிரை உறைபனியிலிருந்து காத்தது. அதன் அடியில் சேரும் வண்டல் உரமாகப் பாத்தியில் ஏறியது. நூற்றாண்டுகளாகக் கைவிடப்பட்டுக் கிடந்த இந்தப் பாத்திகளை 1980-களில் ஆய்வாளர்களும் அய்மாரா பழங்குடி விவசாயிகளும் சேர்ந்து மீண்டும் அமைத்துப் பார்த்தபோது, உறைபனி விழுந்த இரவுகளில் அவை பயிரைக் காத்தன. ஆனால் அந்த முயற்சி பரவலாக நிலைக்கவில்லை. வேலையாள் மிகுதியாகத் தேவைப்படும் முறை, இளைஞர்கள் நகரத்துக்குச் சென்றுவிட்ட கிராமங்களுக்குப் பொருந்தவில்லை.

கினோவாவின் கதையும் இதை ஒட்டியதே. உயூனியைச் சுற்றியுள்ள உவர்மண்ணில், மிகக் குறைந்த மழையில் விளையும் இந்தத் தானியத்துக்குப் பொலிவியாவின் முன்மொழிவை ஏற்று 2013-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச ஆண்டாக அறிவித்தது. விலை ஏறியது, விவசாயிகள் வீடு கட்டினார்கள், டிராக்டர்கள் வந்தன. சரிவுகளில் மட்டும் பயிரிட்டுச் சமவெளியை லாமாக்களின் மேய்ச்சலுக்கு விட்டிருந்த பழைய ஏற்பாடு குலைந்து, சமவெளியும் உழப்பட்டது. மந்தை குறைந்ததால் எருவும் குறைந்து, காற்று மண்ணை அள்ளிச்சென்றது. பிற நாடுகளும் பயிரிடத் தொடங்கியபின் விலை சரிந்தது. உலகச் சந்தையை எட்ட முடியாததுதான் பொலிவியாவின் துயரம் என்று எழுதுபவர்கள், எட்டியபோது என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

நகர வாழ்க்கையிலும் உயரமே மேலோங்கி நிற்கிறது. லா பாஸ் ஒரு பெரும் பள்ளத்துக்குள் அமைந்த நகரம். அதன் விளிம்பில், 4,000 மீட்டருக்கும் மேல், எல் ஆல்ட்டோ என்னும் மற்றொரு நகரம் இருக்கிறது. கிராமங்களிலிருந்தும் மூடப்பட்ட சுரங்கங்களிலிருந்தும் வந்த அய்மாரா மக்களால் பெருகிய அது, இன்று மக்கள்தொகையில் லா பாஸையே மிஞ்சிவிட்டது. உலகின் பல நகரங்களில் செல்வர்கள் மேட்டில் காட்சி தெரியும் வீடுகளைக் கட்டிக்கொள்வார்கள். இங்கே காற்று அடர்ந்தும் குளிர் குறைந்தும் இருக்கும் தாழ்ந்த தெற்குப் பகுதியில் செல்வர்களும், மெல்லிய காற்றும் கடுங்குளிரும் உள்ள விளிம்பில் உழைப்பாளிகளும் வாழ்கிறார்கள். 4,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே; தண்ணீர் 87 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுவதால் கிழங்கும் பருப்பும் வேகவே நெடுநேரம் பிடிக்கும். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அதிகம். வெளியிலிருந்து வருபவர்கள் முதல் சில நாட்கள் தலைவலியோடும் மூச்சிரைப்போடும் படுத்துவிடுகிறார்கள். எல் ஆல்ட்டோ விமான நிலையத்தின் ஓடுபாதை 4 கிலோமீட்டர் நீளமாக இருப்பதற்கும் மெல்லிய காற்றே காரணம். 2009-இல் லா பாஸ் மைதானத்தில் மரடோனா பயிற்றுவித்த அர்ஜென்டினா அணி 6-1 என்ற கணக்கில் தோற்றதைக் கால்பந்து ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முன்பே, உயரமான இடங்களில் பன்னாட்டுப் போட்டிகள் கூடாது என்று ஃபிஃபா 2007-இல் தடை விதித்து, எதிர்ப்புக் கிளம்பியபின் அதை நிறுத்திவைத்திருந்தது.

இந்த இரு நகரங்களையும் இணைக்க 2014-இல் தொடங்கப்பட்ட கம்பிவடப் போக்குவரத்தைப் பற்றிக் கட்டுரையாளர் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். சிவப்பு வழித்தடத்தில் தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தின் பெயரோடு 30 கிலோமீட்டருக்கும் நீண்டுவிட்ட அந்த அமைப்பு, மலைச்சுற்றுலாவுக்காகக் கட்டப்படும் வழக்கமான கம்பிவட ஊர்தி போன்றதன்று. அன்றாடம் வேலைக்கும் சந்தைக்கும் செல்பவர்களின் ஊர்தி. மேட்டிலிருந்து பாவாடையும் வட்டத் தொப்பியும் அணிந்து, முதுகில் வண்ணத் துணியில் மூட்டையோ குழந்தையோ கட்டிக்கொண்டு வரும் அய்மாரா வணிகப் பெண்ணும், பள்ளத்திலிருந்து வரும் அலுவலரும் ஒரே பெட்டியில் எதிரெதிரே அமர்ந்து செல்கிறார்கள். ஒரு காலத்தில் பழங்குடியினர் லா பாஸ் நகரின் மைய சதுக்கத்தில் தாராளமாக நடமாட முடியாதிருந்தது என்பதை நினைத்தால் இது சிறிய மாற்றமன்று. 2009-ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஸ்பானிய மொழியோடு 36 பழங்குடி மொழிகளையும் ஆட்சிமொழிகளாக ஏற்றுக்கொண்டதும் இதே மாற்றத்தின் பகுதி.

இனிக் கடலுக்கு வருகிறேன். பொலிவியாவுக்கு ஒரு காலத்தில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளக் கடற்கரை இருந்தது. அட்டகாமா பாலைவனத்தின் வெடியுப்புக்கு 1878-இல் பொலிவிய அரசு குவிண்டாலுக்கு 10 சென்டாவோ வரி விதித்ததைத் தொடர்ந்து, 1879 பிப்ரவரியில் சிலி ராணுவம் பொலிவியாவின் அந்தோஃபகஸ்தா துறைமுகத்தில் இறங்கியது. பெருவும் பொலிவியாவும் ஒருபுறமும் சிலி மறுபுறமும் நின்று நடத்திய பசிபிக் போரில் பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. 1904-ஆம் ஆண்டு ஒப்பந்தம் அந்த இழப்பை உறுதிசெய்தது. ஆண்டுதோறும் மார்ச் 23 அன்று கடல் நாள் அனுசரிக்கப்படுகிறது. டிட்டிகாக்கா ஏரியிலும் ஆறுகளிலும் ரோந்து செல்லும் கடற்படை ஒன்றையும் நாடு வைத்திருக்கிறது. 2013-இல் பொலிவியா தொடுத்த வழக்கில், கடல்வழி குறித்துப் பேச்சு நடத்தும் சட்டக் கடமை சிலிக்கு இல்லை என்று பன்னாட்டு நீதிமன்றம் 2018 அக்டோபர் 1 அன்று 12-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. இந்த வேதனை உண்மையானது. அதை ஏளனம் செய்வது என் நோக்கமன்று.

ஆனால் கடற்கரை இருந்த காலத்தில் பொலிவியா அதை எப்படிப் பயன்படுத்தியது என்பதையும் பார்க்க வேண்டும். 1825-இல் நாடு விடுதலை பெற்றவுடன் விடுதலைப் போராட்டத் தலைவர் சிமோன் பொலிவார் கோபிஹா என்னும் இடத்தைத் துறைமுகமாக அறிவித்தார். குடிநீர் அரிதான அந்தக் கரைக்கும் மலைநகரங்களுக்கும் இடையே அட்டகாமா பாலைவனமும் ஆண்டிஸும் கிடந்தன. கோவேறு கழுதைகளுக்கு வழியெல்லாம் தீவனமும் தண்ணீரும் தேட வேண்டியிருந்தது. எனவே லா பாஸ் வணிகர்களின் சரக்கு, அப்போது பெருவுக்குச் சொந்தமாயிருந்த அரிக்கா வழியாகவே பெரும்பாலும் போய்வந்தது. ஸ்பானியர் ஆட்சியில் பொடோசியின் வெள்ளி கப்பலேறியதும் அரிக்காவில்தான். கோபிஹா ஒருபோதும் செழிக்கவில்லை. 1877-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை அதைச் சிதைத்தபோது போருக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. ஆக, சொந்தக் கடல் இருந்தபோதே பொலிவியா அயலார் துறைமுகத்தை நம்பியிருந்தது. அந்த இழப்பால் போனவை வெடியுப்பும் பின்னர் அந்தப் பாலைவனத்தில் பெரிய அளவில் தோண்டப்பட்ட செம்பும் தரக்கூடிய வருவாய். அது சிறிய இழப்பன்று. என்றாலும் அது கனிம வளத்தின் இழப்பே தவிர, கடல் வாணிகத்தின் இழப்பு என்று சொல்வது பொருந்தாது.

இன்றும் நிலைமை அதிகம் மாறவில்லை. 1904 ஒப்பந்தப்படி சிலி அமைத்துக்கொடுத்த அரிக்கா - லா பாஸ் ரயில்பாதை 1913-இல் திறக்கப்பட்டது. இப்போது பெரும்பாலான சரக்கு லாரிகளில் செல்கிறது. அரிக்காவில் கையாளப்படும் சரக்கில் பெரும்பகுதி பொலிவியாவுக்கு உரியது. இரண்டு ஊர்களுக்கும் இடையே சாலைவழித் தொலைவு சுமார் 500 கிலோமீட்டர். சரக்கு லாரிக்கு இது பெரிய தொலைவே அல்ல. ஆனால் கடல்மட்டத்தில் புறப்படும் லாரி, சுமார் 200 கிலோமீட்டருக்குள் 4,600 மீட்டருக்கும் மேலான தாம்போ கெமாதோ எல்லைக் கணவாயை ஏறிக் கடக்க வேண்டியிருக்கிறது. எஞ்சின் அங்கே திணறும், ஓட்டுநரும் திணறுவார். நாளைக்கே அரிக்கா பொலிவியாவுக்குச் சொந்தமானாலும் அந்த ஏற்றம் ஒரு மீட்டர்கூடக் குறையப்போவதில்லை. சுங்கத் தாமதமும் கட்டணத் தகராறும் குறையலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கட்டுரையாளரின் வாதத்தில் வலுவான பகுதி அதுதான்.

என் வாதத்துக்கு எதிராக ஒன்றைச் சொல்லலாம்: பொலிவியாவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாழ்நிலம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்திலுள்ள சாந்தா க்ரூஸ் இன்று நாட்டின் மிகப்பெரிய நகரம். சோயாவும் மாட்டுப்பண்ணைகளும் அந்தப் பகுதியின் செல்வம். அங்கே விளையும் சோயாவின் ஒரு பகுதி படகுகளில் பராகுவே, பரானா ஆறுகள் வழியாக அட்லாண்டிக் பெருங்கடலை அடைகிறது. பசிபிக் கரை அதற்குத் தேவையே இல்லை. பெனி மாநிலத்தின் மோஹோஸ் சமவெளி ஆண்டில் பல மாதங்கள் வெள்ளத்தில் கிடக்கும். பழங்கால மக்கள் அங்கே எழுப்பிய மேட்டுப்பாதைகளும் குடியிருப்பு மேடுகளும் இன்றும் வானிலிருந்து தெரிகின்றன. மேட்டு நிலத்தாருக்கும் தாழ்நிலத்தாருக்கும் உணவு, பேச்சு, அரசியல் எல்லாவற்றிலும் உள்ள இடைவெளி தேர்தல்தோறும் வெளிப்படுகிறது. ஆகவே தாழ்நிலம் என் கருத்தை மறுப்பதாகத் தோன்றவில்லை. ஒரே நாட்டுக்குள் இரண்டு வாழ்க்கைமுறைகளைப் பிரிக்கும் கோடும் உயரத்தில்தான் வரையப்பட்டிருக்கிறது.

கோக்கா இலையைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். மேட்டில் நடப்பவரும் சுரங்கத்தில் இறங்குபவரும் பசியையும் சோர்வையும் மறக்க அந்த இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது தொன்றுதொட்ட வழக்கம். அதைக் கோக்கெயின் என்ற போதைப்பொருளோடு ஒன்றாக வைத்துப் பேசிய 1961-ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையிலிருந்து பொலிவியா விலகி, இலையை மெல்லும் உரிமையை விலக்காகப் பெற்று 2013-இல் மீண்டும் சேர்ந்தது. இலையின் ஒரு பகுதி கள்ளச் சந்தைக்குச் செல்வதும் உண்மைதான் என்பதால், சாகுபடிப் பரப்புக்குச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது.

பொலிவியா இன்று இழந்துகொண்டிருக்கும் நீர் வேறு. லா பாஸுக்கு அருகில், 5,300 மீட்டருக்கு மேல், பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர்பெற்றிருந்த சக்கல்தாயா பனியாறு 2009-இல் முற்றிலும் மறைந்துவிட்டது. நாட்டின் இரண்டாவது பெரிய ஏரியாயிருந்த போபோ 2015 இறுதியில் வற்றிப்போனதாக அறிவிக்கப்பட்டது. டிட்டிகாக்காவிலிருந்து புறப்படும் தெசாகுவாதேரோ ஆறு போபோவில் வந்து சேர்கிறது. அந்த ஆற்றின் நீர் பாசனத்துக்கும் சுரங்கங்களுக்கும் திருப்பப்பட்டதும், சுரங்கக் கழிவோடு வந்த வண்டலும், வறட்சியும், வெப்பம் கூடியதால் மிகுந்த ஆவியாதலும் சேர்ந்து அந்த ஆழமற்ற ஏரியை அழித்தன. நல்ல மழை பெய்யும் ஆண்டுகளில் சிறிது நீர் திரும்பினாலும், மீன்பிடித்தே வாழ்ந்த ஊரு இனத்தவர் பலர் உப்பளங்களுக்கும் சுரங்கங்களுக்கும் கூலிவேலைக்குப் போய்விட்டார்கள். 2016 நவம்பரில் லா பாஸ் நகரின் பல பகுதிகளில் குடிநீர் முறைவைத்து வழங்கப்பட்டு, நாடு முழுவதும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. கடலில்லாத நாட்டின் இன்றைய நெருக்கடியை எழுத வேண்டுமென்றால் எழுத வேண்டியது இதை என்றே கருதுகிறேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வரிசையில் நேபாளம், பூட்டான், எத்தியோப்பியா, லெசோத்தோ போன்ற மலைநாடுகளைப் பற்றியும் கட்டுரைகள் வரக்கூடும். அவற்றோடு எல்லைக்கோடுகள் மட்டும் காட்டும் அரசியல் வரைபடத்தை வெளியிடாமல், மேற்கிலிருந்து கிழக்காக நிலத்தை அறுத்துப் பார்த்தால் தெரியும் உயரங்களைக் காட்டும் குறுக்குவெட்டுப் படம் ஒன்றையும், ஒவ்வோர் உயரத்திலும் என்ன விளைகிறது, எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்ற குறிப்பையும் சேர்த்து வெளியிட்டால், பள்ளி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பெரிதும் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்